பாப்பா கேட்ட முட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். வாணலி பட்டுக் கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

பாப்பா முட்டை கேட்டதற்கா அழுதாய்? முட்டை மட்டுமல்ல, பால்கூட வேண்டாமென்று முடிவெடுத்தது நாம் இருவரும். அவளைக் கேட்டோமா? ஒளித்துத் தின்னாமல் உன்னிடம் வந்து, "எனக்கு ஒண்ணு வேணும்மா" என்றாளே, அதுவே பெரிது.

இந்த கேண்டீனில் நான்தான் தினமும் முட்டை பொரிக்கிறேன், ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. "உனக்கு நாக்கு கையிலதான் இருக்குய்யா" என்று மாஸ்டர் சிரிப்பார். யார் யாருக்கோ செய்கிறவன் என் பிள்ளைக்குச் செய்ய மாட்டேனா? லீவில் வரும்போது தனி வாணலி வாங்கி வருகிறேன். நீ அடுப்படிப் பக்கம் வர வேண்டாம்.

இரண்டு பனியன் அனுப்பு. ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

இங்கே யாருக்கு எப்படிப் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பாப்பாவுக்கு மஞ்சள் கரு வேக வேண்டுமா, வேண்டாமா? கேட்டு எழுது.