கேட் கீப்பர் சாகாத கேசட்

அன்புக்கும் பயத்துக்கும் உரிய மாப்பிள்ளை லெட்சுமணன் அவர்களுக்கு,

பயம் என்று எழுதியதற்குச் சிரிக்காதீர்கள். என் தங்கச்சி புஷ்பத்தை நீங்கள் கட்டிய நாளிலிருந்து உங்களை அதட்டி ஒரு வார்த்தை பேசும் உரிமை எனக்கு இல்லாமல் போய்விட்டது. கிள்ளானில் ஒரே வீடியோ கடையில், ஒரே மேசைக்குப் பின்னால் இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் என்ன கூத்தடித்தாலும் "மாப்பிள்ளை சொன்னா சரிதான்" என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போக உங்களால் முடியாது. அதனால் தைரியமாகத் திட்டப்போகிறேன்.

முதலில் கடைச் செய்தி. வீடியோ கேசட்டைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். எல்லாருக்கும் விசிடி வேண்டும். அப்பளம் அளவுக்கு ஒரு தட்டு, அதில் பாதிப் படம். இன்னொரு தட்டில் மீதிப் படம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கங்கோங் கீரைக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் குவித்துப்போட்டு விற்கிறான். வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலையே கிடையாது, வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வசதியானவர்கள் கூரைமேல் வாணலியைக் கவிழ்த்த மாதிரி ஒன்றை மாட்டி, வானத்திலிருந்தே படம் பிடிக்கிறார்கள். கேசட்டைத் திருப்பிச் சுற்றாமல் கொண்டுவந்ததற்காக நீங்கள் யாரோடெல்லாம் சண்டை போட்டீர்களோ, அவர்கள் ஒருவரும் இப்போது கடைப்பக்கம் வருவதில்லை.

உங்கள் மகள் கவிதா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தமிழ் மாத இதழில்தான் இன்னமும் வேலை செய்கிறாள். பக்கம் முழுவதையும் கம்ப்யூட்டரிலேயே அடுக்குகிறாளாம். கத்திரியும் கிடையாது, பசையும் கிடையாது. ஒரு தட்டைக் காட்டி, இதற்குள் ஓர் அலமாரி நிறையக் கலைக்களஞ்சியம் இருக்கிறது மாமா என்றாள். அப்படியானால் இனி அலமாரி எதற்கு என்று கேட்டேன். அழகுக்கு என்றாள். உங்கள் வாய் அப்படியே இருக்கிறது அவளுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வெட்டிய படங்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கேரி தீவுத் தோட்டத்தில் எங்கள் அப்பா இறந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? காரியம் முடிந்து புஷ்பத்தைக் கிள்ளானுக்குக் கூட்டிவந்தீர்கள். மனசு மாறட்டும் என்று ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினீர்கள். அந்தப் படத்திலும் கடைசியில் ஓர் அப்பா செத்துப்போனார். புஷ்பம் விழுந்து புரண்டு அழுதாள், அடுப்பையே பற்றவைக்கவில்லை. நாம் இருவரும் சீனன் கடை மீ கோரேங்கிலேயே காலத்தை ஓட்டினோம். அதோடு நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். என் பெண்சாதி பார்க்கிற படத்தில் இனி எவனும் சாகக்கூடாது என்று.

நம் கடையில் இரண்டு டெக் இருந்தது. ஒன்றில் படம் ஓடும், மற்றதில் பதிவாகும். ஹீரோ சாகப்போகிறான் என்று தெரிந்ததும் பட்டென்று பதிவை நிறுத்துவீர்கள். அதோடு விட்டீர்களா? மிச்ச இடத்தில் அதே நடிகர் நடித்த வேறு படத்திலிருந்து ஒரு கல்யாணப் பாட்டை ஒட்டுவீர்கள். நான் முணுமுணுத்தால், மாலை மாற்றினால் மங்களம் மச்சான் என்பீர்கள். அந்தக் கேசட்தான் வீட்டுக்கும் போகும். அதிலிருந்து எடுத்த பிரதிகள்தான் வாடகைக்கும் போகும். கிள்ளான், காப்பார், கேரி தீவு எங்கும் உங்கள் புண்ணியத்தில் ஒரு ஹீரோவும் சாகவில்லை. எமனுக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

அந்த ரயில்வே கேட் கீப்பர் படத்தில்தான் உச்சத்துக்குப் போனீர்கள். தண்டவாளம் பெயர்ந்து கிடக்கிறது. கேட் கீப்பர் தன் சிவப்புச் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு ரயிலை நோக்கி ஓடுகிறார். அங்கே வெட்டினீர்கள். அடுத்த நிமிஷம் அவரே பட்டு வேட்டியில், நீரூற்றுப் பக்கத்தில், வேறு ஒரு நடிகைக்கு மாலை போடுகிறார். கதைப்படி அவருக்கு ஏற்கெனவே மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. நம் வாடிக்கைக்காரர் காப்பார் ஆறுமுகம் அண்ணே, நம் கடைக்கு வந்து நியாயம் கேட்டபோது முகம் மாறாமல் பதில் சொன்னீர்களே, முதல் சம்சாரம் சம்மதம் கொடுத்துவிட்டாள், அந்தக் காட்சியை சென்சாரில் எடுத்துவிட்டார்கள் என்று. மனுஷன் அதையும் நம்பிக்கொண்டு போனார்.

அந்த ஆறுமுகம் அண்ணேதான் போன மாதம் மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் போட்டுவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார். பாசார் மாலாமில் கேட் கீப்பர் விசிடி வாங்கினாராம். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்களாம். கேட் கீப்பர் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனாராம். வீட்டில் எல்லாருக்கும் அதிர்ச்சியாம்.

"டூப்ளிகேட் தட்டு பாஸ் இது. நல்லா இருந்த மனுஷன சாகடிச்சிட்டானுங்க. போலீஸ்ல சொல்லணும்லா" என்றார்.

நான் என்ன சொல்வேன்? ஆமாம் அண்ணே, இந்த டிஜிட்டல் வந்ததிலிருந்தே இப்படித்தான், ஒன்றையும் நம்ப முடிவதில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ஒருவரோடு முடியவில்லை. கேரி தீவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நீங்கள் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கடை இழவு வீடு போல ஆகிவிட்டது, வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஆறுதல் சொல்லி காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

இதுவரைக்கும் சிரித்திருப்பீர்கள். இனிமேல் சிரிக்காமல் கேளுங்கள். நீங்கள் போனதிலிருந்து புஷ்பம் டிவி முன்னால் உட்காரவே இல்லை. உங்கள் நாற்காலியின்மேல் மடித்த துணிகளை அடுக்கி வைத்துவிட்டு, ஹாலுக்குள் வராமல் அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். சாவு வீட்டில்கூட அவள் சரியாக அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் பத்துமா பத்தாதா என்று கேட்டுக்கொண்டே திரிந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவை எப்படியாவது ஹாலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கவிதா ஒரு விசிடி பிளேயர் வாங்கிவிட்டாள். கூடவே, அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்குமே என்று, எந்தப் படத்தை வாங்கிவந்தாள் தெரியுமா? கேட் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க மாமா, சேர்ந்து பார்க்கலாம் என்று போன் செய்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவுக்காக அழுதவள், இப்போது புருஷனும் போன பிறகு, கேட் கீப்பர் சாவதைப் பார்த்தால் என்ன ஆவாள்? அதோடு, இத்தனை வருஷம் நீங்கள் தன்னை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்பதும் தெரிந்துபோகும். அந்தக் கோபத்தை இனி அவள் யாரிடம் போய்க் காட்டுவாள்?

அந்தப் படம் கடைசிவரை ஓடக்கூடாது என்ற முடிவோடுதான் உங்கள் வீட்டுக்குப் போனேன். நண்டுக் குழம்பு. அதைக்கூட ருசித்துச் சாப்பிட முடியவில்லை. கவிதா கை கழுவப் போன சமயம் இரண்டாவது தட்டை உறையிலிருந்து உருவி, சோபா மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். என் எடை உங்களுக்குத் தெரியும். கேசட்டாக இருந்திருந்தால் தூள் தூளாகியிருக்கும். கவிதா வீடு முழுக்கத் தேடிவிட்டு, "மாமா, கொஞ்சம் எந்திரிங்க" என்றாள். தட்டு வளையக்கூட இல்லை. கைலியில் துடைத்துக் கொடுத்தேன்.

அப்புறம் ரிமோட்டைக் கைப்பற்றினேன். டிவிக்கும் பிளேயருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பியானோ அளவுக்குப் பொத்தான்கள். எதையோ அழுத்தினேன், எழுத்தெல்லாம் சீனத்துக்கு மாறியது. இன்னொன்றை அழுத்தினேன், படம் பச்சையாகிவிட்டது. கவிதா பொறுமையாகச் சரிசெய்தாள். சத்தம் கேட்டு புஷ்பம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன படம் என்று எட்டிப் பார்த்தாள். பிறகு உங்கள் நாற்காலியிலிருந்த துணிகளைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுவிட்டு வந்து, அதில் உட்கார்ந்தாள்.

படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கேசட்டில் மழை பெய்த மாதிரியே ஓடுமே, அது கிடையாது. பளிச்சென்று இருக்கிறது. இருந்து என்ன பிரயோசனம்? கேட் கீப்பரின் மீசை ஒரு பக்கம் பிய்ந்து நிற்பது தெரிகிறது. ரயிலைத் தூரத்திலிருந்து காட்டும்போது அது சின்னப்பிள்ளை விளையாடுகிற ரயில் என்று தெரிகிறது. இதையா இத்தனை வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது தட்டும் ஓடி, கடைசிக் கட்டம் வந்தது. தண்டவாளம் பெயர்ந்து கிடக்கிறது. ரயில் கூவுகிறது. நான் ரிமோட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு, நிறுத்துகிற பொத்தான் எது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பதும் சரியாக நினைவுக்கு வரவில்லை. கேட் கீப்பர் சட்டையைக் கழற்றினார். ஆட்டினார். ஓடினார்.

"அண்ணே, இப்ப நிறுத்து" என்றாள் புஷ்பம்.

பதறிப்போய் அழுத்தினேன். அதிசயமாகச் சரியான பொத்தான். கேட் கீப்பர் ஒற்றைக் காலைத் தூக்கி, வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றார். இங்கேதான் வெட்டியிருப்பார் என்றாள், டிவியைப் பார்த்தபடியே. கவிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்போதிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"மொத தடவையே தெரியும். கட்டிக்கிட்டவ வேற பொம்பளை, அதுகூடவா ஒருத்திக்குத் தெரியாது? பாட்டு வந்ததும் இவரு டிவியப் பாக்க மாட்டாரு, என் மூஞ்சியத்தான் பாப்பாரு. நான் சிரிச்சாத்தான் எந்திரிச்சுத் தேத்தண்ணி குடிக்கப் போவாரு. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டியிருக்காரு, நான் எப்படிண்ணே கேப்பேன்?"

மாப்பிள்ளை, உங்களை ஊரறிந்த கெட்டிக்காரர் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயே உங்களை ஒருத்தி இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறாள்.

அதோடு முடியவில்லை. புஷ்பம் என் பக்கம் திரும்பி, "பாட்டு எங்கண்ணே?" என்றாள். தட்டில் பாட்டு இல்லை என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி? என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரியும், கோயில் பஜனையிலேயே கைத்தாளம் போட்டால் போதும் என்று உட்கார வைத்த குரல். அந்தக் குரலில் அந்த மாலை மாற்றும் பாட்டைப் பாடினேன். கேட் கீப்பர் ஒற்றைக் காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் புஷ்பம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக அழாத அழுகை முழுவதையும் அழுதாள். கவிதா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் தாங்கவில்லை. ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று.

பிறகு கவிதாவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அடுத்த நாளே ஆபீஸ் நண்பனிடம் கேட்டுவிட்டு வந்தாள். பழைய கேசட்டை அப்படியே தட்டில் ஏற்றலாமாம், உங்கள் வெட்டும் ஒட்டும் சேர்ந்தே வருமாம். ஆறுமுகம் அண்ணனுக்கு முதல் தட்டு போய்விட்டது. காப்பாரில் கேட் கீப்பர் பிழைத்துவிட்டார், நீங்கள் நிம்மதியாக இருங்கள். கேரி தீவிலிருந்தும் கேட்டு ஆள் வந்திருக்கிறது. செத்தவர்களைப் பிழைக்க வைக்கிற கடை என்று நமக்குப் பேர் வந்துவிட்டது.

புஷ்பம் மட்டும் அந்தத் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் அம்மா என்று கவிதா கேட்டதற்கு, "தட்டு என் மூஞ்சியப் பாக்குமா?" என்றாள்.

அதனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து பக்கத்தில் உட்காருவேன். அவள் சொல்கிற இடத்தில் நிறுத்துவேன். பாடிக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பேன், அவள் சிரிக்காமல் தேத்தண்ணீர் குடிக்க எழுந்திருக்க மாட்டேன். பாட்டில் இரண்டாவது சரணம் எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடுகிறேன்.

திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை மாற்றும் பாட்டை இனிமேல் பாடப்போகிற,
உங்கள் மச்சான்