விபத்து ஏதும் பதிவில் இல்லை

ஞாயிறு, 4ஆம் தேதி

அன்பு மகனுக்கு,

வீட்டிலிருந்து அப்பா. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. மருமகளுக்கு ஆறாம் மாதம் பிறந்துவிட்டது என்று போனில் சொன்னாய். தண்ணீர்க் குடத்தையெல்லாம் அவளைத் தூக்க விடாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இனி தெருச் செய்தி. பெரிய ரோட்டில் சிக்னல் வைத்த பிறகு, அதில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் நம் தெருவுக்குள் புகுந்துவிடுகிறார்கள். நீ இங்கே இருந்தபோது காலை வேளையில் பத்து வண்டி வந்தால் அதிகம். போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஏழேமுக்காலிலிருந்து எட்டேமுக்கால் வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. தெருவில் நடைபாதை கிடையாது. வீட்டுக் கதவைத் திறந்து ஒரு எட்டு வைத்தால் ரோடு. முப்பத்தொரு வீடுகளில் பதினேழு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். தெரு ஒரு வளைவும் இல்லாமல் நானூறு மீட்டர் நேராகக் கிடக்கிறது. நம் பிளம்பர் மீசை சொல்கிறான், "இவனுங்களுக்கு இது தெருவா தெரியல சார், விமானம் ஏறுற இடமா தெரியுது" என்று.

அதனால் வேகத்தடை கேட்டு நகராட்சிக்கு மனு கொடுத்தோம். மனுவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியது டெய்லர் அக்காதான். வேண்டாம், நான் போகிறேன் என்றேன். "நீங்க போனா டீ குடிச்சிட்டு வந்துடுவீங்க சார், நான் போனாதான் கையெழுத்து வாங்கிட்டு வருவேன்" என்று சிரித்தாள். முப்பத்தொரு வீட்டுக்கும் நடந்தாள். இரண்டு நாள் ஆனது.

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, நம் வீட்டுக்கும் மூலைவீட்டு வாத்தியார் வீட்டுக்கும் நடுவில், தெருவின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களை ஆணியடித்துப் பதித்தார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மூன்று அடி தூரம் இருக்கும். ஓரத்தில் விளக்குக் கம்பத்தோடு சங்கிலி போட்டு ஓர் இரும்புப் பெட்டி. வண்டி ஏறும்போது குழாயில் காற்று அழுந்தி, பெட்டிக்குள் கணக்கு ஏறுமாம். ஒரு வாரம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரு வாரமும் தெரு இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அதிகாரிகள் கண் வைத்திருக்கும் நேரத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று முடிவு செய்தோம். மீசை தன் வேனைப் பாதி ரோட்டை அடைத்து நிறுத்தினான். வாத்தியார் சிவப்புத் துண்டோடு எதிர்ப்பக்கம் நின்று, வகுப்பறையில் பிள்ளைகளை அடக்குகிற மாதிரி ஒவ்வொரு வண்டியையும் கையமர்த்தினார். நான் காலை முறை, அவர் மாலை முறை. முறைப் பட்டியலை நான்தான் எழுதினேன். டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் டைம்கீப்பராக இருந்தவன் வேறு எதற்கு இருக்கிறேன்? ஒரு வண்டியைக்கூட வேகமாகப் போக விடவில்லை. இன்று காலை குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

டெய்லர் அக்கா உன்னை விசாரித்தாள். நன்றாக இருக்கிறான் என்றேன். "சரி சார்" என்றாள். எப்போதும் அவ்வளவுதான் கேட்பாள்.

மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அப்பா


வியாழன், 22ஆம் தேதி

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ எப்போது பேசினாலும் மருமகள் பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்குத் தெரியாத விஷயம் இது.

மனுவுக்குப் பதில் வந்தது. நிராகரித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நாங்கள் ஐந்து பேர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். இன்ஜினியர் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். நாற்காலி போதவில்லை என்று தன் நாற்காலியை டெய்லர் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "உங்க தெரு ரொம்ப நல்ல தெரு சார். நூத்துல எண்பத்தஞ்சு வண்டி இருபத்தாறு கிலோமீட்டர் வேகத்துக்குள்ளதான் போகுது. இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு மெதுவா வண்டி போற தெருவை நான் பார்த்ததில்லை" என்றாள்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பெட்டி வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் எடுக்கும் என்று நினைத்திருந்தோம். எண்ணிக்கைக்கு ஒரு குழாய் போதும். இரண்டாவது குழாய் வேகத்தை அளக்க. இங்கிருந்து அங்கே வர எவ்வளவு நேரம் என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். என் வாழ்நாள் முழுவதும் நான் பார்த்த வேலை அது. இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் பஸ் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக் குறித்தே ஓய்வு பெற்றவன். மூன்றடி தூரத்தில் கிடந்த இரண்டு குழாயைப் பார்த்து எனக்குத் தோன்றவில்லை. முறைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொன்னோம். அவள் கோபப்படவில்லை. மறு அளவீடு இரண்டு வருடத்துக்குப் பிறகுதான், விதி அப்படி என்றாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். கடந்த மூன்று வருடத்துக்குள் அந்தத் தெருவில் வண்டி மோதி யாருக்காவது பலத்த காயம் ஏற்பட்டு, அது பதிவாகியிருந்தால், அளவீடே தேவையில்லை. ஒரு மாதத்தில் வேகத்தடை போட்டுவிடலாம். கோப்பைப் புரட்டிப் பார்த்து, "விபத்து ஏதும் பதிவில் இல்லைன்னு இருக்கு. உண்மையிலேயே யாரும் அடிபடலையா?" என்று கேட்டாள்.

அந்த அறையில் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வாத்தியார்தான் முந்திக்கொண்டு, "இல்லம்மா, அப்படி எதுவும் நடக்கல" என்றார். எனக்காகச் சொன்னார். மீசை தரையைப் பார்த்தான். அன்று டெய்லர் அக்காவைத் தூக்கித் தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன். டெய்லர் அக்கா அந்த நாற்காலியில், வலது காலை நீட்டி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாம் இதுவரை ஒரு முறைகூட இதைப் பேசியதில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன். காரை ஓட்டியது நீ. பக்கத்தில் இருந்தது நான். ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்துப் போட டிப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். "ஒன்பது அடிக்க இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு, அழுத்து" என்று சொன்னது நான். அவள் தைத்த துணி மூட்டையோடு கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் உனக்குக் கனரக லைசென்ஸ் தேர்வு இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று அவளே சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் வெளியே வந்து அழுதபோது, "விடுங்க சார், பையன் இப்பதான் வாழ்க்கையை ஆரம்பிக்கிறான். என் கால் நாலு மாசத்துல சரியாயிடும்" என்றாள். தெரு முழுவதும் அதையே சொன்னது. மாடியே இல்லாத வீட்டில் அவள் மாடிப்படியில் விழுந்ததாக முப்பத்தொரு வீடும் சொன்னது. கால் சரியாகவில்லை. தையல் மிஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதியோடு அதற்கு மூன்று வருடம் முடிகிறது.

திரும்பி வரும் வழியில் அவளிடம் கேட்டேன். ஸ்டேஷனில் போய் உண்மையைச் சொன்னால் கையெழுத்துப் போடுவாயா என்று. வெகு நேரம் யோசித்தாள். "அவன் வந்து சொன்னா போடுறேன் சார். அவன் வாயால சொல்லணும். நானா போய் அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்றாள்.

உன் வேலை எனக்குத் தெரியும். கம்பெனி லாரி ஓட்டுகிறவன் மேல் கேஸ் இருந்தால் என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். இன்ஜினியரிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். "அது போலீஸ் விஷயம் சார். ஒண்ணும் ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். நானும் உனக்குப் பொய் சொல்லவில்லை. லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம். அபராதம் போடலாம். அதற்கு மேலும் ஆகலாம்.

யோசித்துப் பதில் எழுது. மருமகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் முடிவு. என்னைக் கேட்டால், சொல்.

அப்பா


திங்கள், 9ஆம் தேதி

மகனே,

பதினெட்டு நாளாகிவிட்டது. நடுவில் இரண்டு முறை போன் செய்தாய். அம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசினாய். என்னைக் கேட்கவில்லை. கடிதம் கிடைத்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு ஐந்துக்கு ஒரு வெள்ளைக் கார் டெய்லர் அக்காவின் மகளை உரசிக்கொண்டு போனது. ஒன்பது வயதுப் பிள்ளை. காரின் பக்கக் கண்ணாடி அவள் முதுகுப் பையில் மாட்டி, அவளைச் சுற்றிவிட்டு, பையின் வாரை அறுத்துக்கொண்டு போனது. கார் நிற்கவில்லை. நான் வாசலில்தான் இருந்தேன். எழுந்து ஓடுவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "தாத்தா, டிபன் பாக்ஸ் எங்க விழுந்தது?" என்று. தேடி எடுத்துக் கொடுத்தேன். எனக்கு மூடி போட வரவில்லை. அவள்தான் போட்டாள்.

டெய்லர் அக்கா அன்று நம் வீட்டுக்கு வருவாள் என்று மாலை வரை காத்திருந்தேன். வரவில்லை. சனிக்கிழமை அந்தப் பிள்ளை அதே பையோடு பள்ளிக்கூடம் போனாள். வாரை டெய்லர் அக்கா நீல நூலால் மூன்று வரிசை தைத்திருந்தாள். வந்து என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் உனக்கு எழுதியது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று, "காரை நீங்களே ஓட்டினதா எழுதிக் கொடுத்துடுங்க. உங்களுக்கு இனிமே என்ன வேலை, என்ன லைசென்ஸ்?" என்றாள். இரவு முழுவதும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. காலையில் வாத்தியாரிடம் சொன்னேன். "ஒரு பொய்யை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கவா சார் இவ்வளவு பாடு?" என்றார். அன்றைக்கு அலுவலகத்தில் பொய் சொன்னதற்குத் தானும் இன்ஜினியரிடம் போய்த் திருத்திச் சொல்லப் போவதாகச் சொன்னார். மீசையும் வருகிறான்.

நான் என் பங்கை எழுதிவிட்டேன். ஒரு பக்கம். தேதி, நேரம், நான் சொன்ன வார்த்தை, எல்லாம் இருக்கிறது. ஓட்டியவர் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. அதை நான் நிரப்ப மாட்டேன். நீ நிரப்பாவிட்டால் டெய்லர் அக்கா கையெழுத்துப் போட மாட்டாள். அவள் கையெழுத்து இல்லாமல் என் பக்கத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இருபதாம் தேதி அது வெறும் காகிதமாகிவிடும்.

உன்னைத் திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. இந்த மூன்று வருடத்தில் நீ ஒரு முறைகூட நம் தெருவுக்கு வரவில்லை. கல்யாணத்தைக்கூட அங்கேயே வைத்துக்கொண்டாய். வேலை அதிகம் என்றாய். அம்மா நம்பினாள். நான் நம்பியது மாதிரி இருந்தேன். நீயும் டெய்லர் அக்காவைப் போல ஏதோ ஒன்றை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டாம் தேதிக்குள் வா. வேலை போனால் போகட்டும் என்று நான் எழுத மாட்டேன். வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்திருக்கிறவனிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. மருமகள் எங்களோடு இருக்கலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும். உன் அறை அப்படியே இருக்கிறது. அம்மா இன்று மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். நான் சொல்லி அல்ல.

வந்ததும் முதலில் நம் வீட்டுக்கு வராதே. நேராக டெய்லர் அக்கா வீட்டுக்குப் போ. கதவைத் தட்டிவிட்டு ஓரமாக நில், வண்டிகள் நெருக்கிக்கொண்டு போகும். அவள் எழுந்து வந்து திறக்கக் கொஞ்ச நேரமாகும். அதுவரை அங்கேயே நில். நான் வந்து உன் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

உனக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசிகள் என்றும் உண்டு.

அப்பா