பதினான்காம் எண்ணின் முழங்கால்

பஃபலோ,
6 ஜனவரி 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கிறிஸ்துமஸ் கடிதம் கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பெயரை இரண்டு முறை படித்தேன். என் பெயர்தான். நீங்கள் எங்களை விட்டுப் போன நான்கு வருடத்தில் வாழ்த்து அட்டைகள் வந்திருக்கின்றன, கடிதம் வந்தது இதுதான் முதல் முறை.

போனில் பேச வராது என்பதை நீங்கள் மறக்காமல் இருந்தது எனக்குச் சந்தோஷம். இப்போதும் அப்படித்தான். ரிசீவரைக் காதில் வைத்தால் வார்த்தை தொண்டையில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். எழுந்து படிக்கச் சொன்னால் நாற்பது முகங்கள் திரும்பும், நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டேன். அம்மா திட்டவில்லை. பேக்கரி வேலைக்குப் போகிறவள் அப்படியே அரங்கத்தில் இறக்கிவிட்டாள். கூடைப்பந்து அணியின் துணி வெளுக்கும் அறையில் வேலை. ஐரீன்தான் இன்னும் மேற்பார்வை. நீங்கள் இங்கே சாமான் அறையில் வேலை பார்த்த நாளில் துண்டுக் கணக்குக்காக உங்களோடு மல்லுக்கு நிற்பாரே, அதே ஐரீன். உங்கள் கடிதத்தைக் காட்டினேன்.

"உங்கப்பனா? நாலு வருஷமா எந்தக் கடல்ல முங்கிக் கிடந்தானாம்?" என்றார். பிறகு, "நல்லா இருக்கானா?" என்றும் கேட்டார்.

இங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எண் போட்ட ஒரு வலைப்பை. அழுக்குத் துணி அதிலேயே வரும், துவைத்து அதிலேயே போகும். யார் என்ன என்பதெல்லாம் பையே சொல்லிவிடும்.

ஆர்விஸ் டில்மன் எப்படி ஆடுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஆட்டம் அவ்வளவு தெரியாது. அவருடைய பை பதினான்காம் எண். உள்ளே துணி மடித்திருக்கும். அழுக்குத் துணியை மடித்துப் போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

உங்கள் மகள்,
ஹலினா

சான் டியேகோ,
14 ஜனவரி 1997

செல்ல ஹலினா,

நலமா? உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைகிறேன். எவ்வளவு அழகாக எழுதுகிறாய்! பேசாதவர்கள்தான் நன்றாகப் பார்ப்பார்கள். இதை நான் எங்கள் அலுவலகத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். எங்கள் அணிக்கு எந்த ஆட்டக்காரனை எடுக்கலாம், யாரைக் கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்வது. இப்போது எங்கள் மேசையில் இருப்பது உன் பதினான்காம் எண்தான். இது நமக்குள் இருக்கட்டும். டில்மனைக் கேட்டால் பஃபலோ எங்கள் இளம் ஆட்கள் இருவரையும் அடுத்த ஆண்டு புது ஆட்களில் எங்களுக்குள்ள முதல் தேர்வையும் கேட்கும். கொடுக்கலாம். அவனைப் போலப் பந்தை வாங்கித் திரும்புகிறவன் இந்த நாட்டில் நான்கு பேர்கூட இல்லை. அவன் திரும்பி முடித்த பிறகும் எதிராளி பழைய இடத்தையே காவல் காத்துக்கொண்டிருப்பான்.

சிக்கல் சம்பளம். ஆறு வருடத்துக்கு ஐந்தரைக் கோடி டாலர் என்று உங்கள் ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான்கு வருடம் மிச்சம். ஓர் அணி இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று வரம்பு இருப்பதால் அவனை எடுத்தால் வேறு யாரையும் எடுக்க எங்களிடம் இடம் இருக்காது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் முதலாளி என்னைப் பார்த்து, "காஸிமிர், நீ அந்த ஊர்க்காரன். ஆள் தாங்குவானா, அதை மட்டும் சொல்" என்கிறார்.

அவன் இந்த வருடம் ஏன் மந்தமாக ஆடுகிறான்? மனசா, உடம்பா? பயிற்சிக்குச் சீக்கிரம் வருகிறானா? உன் கண்ணில் படுவதை எழுது, என் கண்ணே.

அன்புடன்,
அப்பா

பஃபலோ,
22 ஜனவரி 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே பனி ஜன்னல் பாதிவரை வந்துவிட்டது. அம்மாவுக்கு இருமல். நீங்கள் எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் உறையைப் பார்த்தாள். "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று மட்டும் கேட்டாள்.

டில்மன் சீக்கிரம்தான் வருகிறார். எல்லோருக்கும் முன்னால் வருகிறார். போன வாரம் அடுத்தடுத்து இரண்டு நாள் ஆட்டம். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே எங்கள் அறைக்கு வந்து, துணி உலர்த்தும் பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஐரீன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா கோடீஸ்வரரே, ஹீட்டர் வாங்கக் காசு இல்லையா?"

"இருந்துச்சு ஐரீன். எல்லாரும் திருப்பிக் குடு, திருப்பிக் குடுன்னு கேட்டாங்க, குடுத்துட்டேன்."

ஐரீன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய ஆட்டத்தில் மேல் வரிசையிலிருந்து, "ஒரு கூடைக்கு எவ்வளவுடா வாங்குற?" என்று ஆயிரம் பேர் சேர்ந்து கத்தியது கீழே எங்களுக்கே கேட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அட்டை எழுதிப் பிடித்திருந்தார்களாம்.

அவர் என்னை 'வாயாடி' என்று கூப்பிடுகிறார். "வாயாடி, இன்னிக்கு ஏன் இவ்ளோ சத்தம் போடுற?" என்பார். நான் துண்டுகளை மடித்துக்கொண்டே இருப்பேன். அவர் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் என்னைப் பற்றிச் சொன்னீர்களா? என்ன சொன்னீர்கள்?

உங்கள் மகள்,
ஹலினா

சான் டியேகோ,
30 ஜனவரி 1997

செல்ல ஹலினா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இது முக்கியம், நிதானமாகப் பதில் எழுது.

அவன் ஏன் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்கிறான்? எந்தக் கால் வெப்பத்தின் பக்கம் இருக்கிறது? உங்கள் அறைக்கு இறங்கும் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிறானா? அவனுடைய பையில் ஈரமான கட்டுத்துணி, ஐஸ் பை சுற்றிய பிளாஸ்டிக் ஏதாவது வருகிறதா? ஒரு காலுக்கா, இரண்டுக்குமா? அணியின் மருத்துவருக்குத் தெரியுமா?

எங்கள் மருத்துவர்கள் அவனைப் பார்ப்பார்கள், ஆனால் அது ஒரு மணி நேரம். ஓய்வெடுத்த காலை யார் பார்த்தாலும் நல்ல காலாகத்தான் தெரியும். நீ தினமும் பார்க்கிறாய்.

பிப்ரவரி இருபதாம் தேதிக்குப் பிறகு இந்த வருடம் அணிகளுக்குள் ஆள்மாற்றம் கிடையாது. இங்கே மூன்று பேர் வேண்டாம் என்கிறார்கள். நான் ஒருவன்தான் எடுக்கலாம் என்கிறேன். அவன் தாங்கிவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பிரிவே என் கையில். அப்புறம் இரண்டு அறை வீடு, ஒன்று உனக்கு. ஜன்னலைத் திறந்தால் கடல். அந்த ஈரக் கிடங்கில் நீ கிடக்க வேண்டியதில்லை. உன்னை இங்கே அழைத்துக்கொள்வேன், இது சத்தியம்.

படித்ததும் கிழித்துப் போடு.

அன்புடன்,
அப்பா

பஃபலோ,
6 பிப்ரவரி 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று நோன்புக்கு முந்தைய வியாழன். எண்ணெயில் பொரித்த பொன்ச்கி உருண்டைகள் வாங்க அம்மாவின் பேக்கரி வாசலில் விடியும் முன்பே வரிசை. அம்மா கையெல்லாம் சர்க்கரையாக வந்தாள். உங்களுக்குப் பிளம் ஜாம் வைத்ததுதான் பிடிக்கும், இல்லையா?

நீங்கள் கேட்டதற்குப் பதில். டில்மன் குளிருக்குத்தான் வருகிறார். அவர் தெற்கிலிருந்து வந்தவர், இந்தப் பனி ஒத்துக்கொள்ளவில்லை. படிகளில் கைப்பிடி பிடிக்காமல்தான் இறங்குகிறார். பையில் கட்டுத்துணி எதுவும் வருவதில்லை. மந்தமாக ஆடுவதற்குக் காரணம் மனசு என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படிக் கத்தினால் யாருக்கும் கை ஓடாது.

நாளை முதல் ஒரு வாரம் ஆட்டம் இல்லை. எல்லாரும் ஓய்வு.

எனக்குக் கடல் எப்படி இருக்கும் என்று தெரியாது. எங்கள் ஏரியைவிடச் சத்தமாக இருக்குமா?

உங்கள் மகள்,
ஹலினா

சான் டியேகோ,
15 பிப்ரவரி 1997

என் தங்கமே,

பேப்பரில் பார்த்திருப்பாய். முடிந்துவிட்டது! மருத்துவர்கள் ஒரு மணி நேரம் பார்த்தார்கள், இந்த வயதில் எல்லா ஆட்டக்காரனுக்கும் இருக்கும் தேய்மானம்தான் என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "உன் தலைதான் அடகு, காஸிமிர்" என்றார். நான் சிரித்தேன். என்னிடம் நீ இருக்கிறாய் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

விமான டிக்கெட் இத்துடன் இருக்கிறது. மார்ச் 22, சனிக்கிழமை. வெயிலுக்கு ஏற்ற உடை ஒன்று வாங்கிக்கொள்.

உன்
அப்பா

பஃபலோ,
24 பிப்ரவரி 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

டிக்கெட் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "போறதுன்னா போ. ஆனா திரும்பி வர்றதுக்கு டிக்கெட் இல்லியேடி" என்றாள். எனக்கு அது நல்ல அடையாளமாகத்தான் தெரிந்தது.

ஐரீனிடம் மார்ச் இருபதாம் தேதியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். என் இடத்துக்கு ஒருத்தியைப் பார்த்துவிட்டார். மஞ்சள் நிறத்தில் ஓர் உடை வாங்கினேன். இங்கே அதைப் போட முடியாது, அறைக்குள் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

டில்மன் கிளம்பும் நாளில் எங்கள் அறைக்கு வந்தார். அதை நேரில் சொல்கிறேன்.

உங்கள் மகள்,
ஹலினா

சான் டியேகோ,
9 மார்ச் 1997

ஹலினா,

செவ்வாய்க்கிழமை, இங்கே அவனுடைய ஒன்பதாவது ஆட்டம். அடுத்தடுத்து இரண்டு நாள் ஆட்டம், அதில் இரண்டாவது நாள். யாரும் அவனைத் தொடவில்லை. பந்தை வாங்கித் திரும்பினான், உடம்பு திரும்பியது, வலது முழங்கால் திரும்பவில்லை. நான் பன்னிரண்டாம் வரிசையில் இருந்தேன். சத்தம் கேட்டது.

திறந்து பார்த்த மருத்துவர் குருத்தெலும்பு என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை என்கிறார். குளிர்காலத் தொடக்கத்திலேயே யாராவது பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். இனி ஆடமாட்டான். மிச்ச வருடங்களின் சம்பளம் மட்டும் ஆடும்.

வெள்ளிக்கிழமை என் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்து எங்கே என்று தெரியவில்லை. வீட்டை விட வேண்டும். இருபத்திரண்டாம் தேதி வராதே. தங்க வைக்க இடம் இல்லை.

ஒன்றே ஒன்று சொல். மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். அவன் பிள்ளைத்தனமாக, "பஃபலோல துணி துவைக்கிற இடத்துலதான் சார் இந்தக் காலு உசுரோட இருந்துச்சு" என்றான். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

காஸிமிர்

பஃபலோ,
15 மார்ச் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

தெரியும்.

வலது கால். அடுத்தடுத்து ஆட்டம் இருந்தால் மறுநாள் காலை முழங்கால் முட்டைக்கோஸ் அளவுக்கு இருக்கும். எங்கள் அறைக்கு நான்கு படிகள்தான். அதில் இறங்க முடியாமல் சாமான் வண்டி போகிற சரிவு வழியாகச் சுற்றி வருவார். முதலில் ஐஸ், பிறகு இயந்திரத்தின் சூடு. ஐஸ் சுற்றிய பிளாஸ்டிக்கை நான்தான் கத்தரிப்பேன். பதினான்காம் எண் பையில் அது வராது, அவர் போட மாட்டார். நான் எடுத்து பேக்கரிக் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் எறிவேன். நவம்பரிலிருந்து அப்படித்தான். ஐரீன் வரும்போது அவர் காலின் மேல் துண்டைப் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை? அவர் படித்துவிட்டுச் சொன்னார்: "ஆடாம உக்காந்தா திருடன்னு சொல்வாங்க, வாயாடி. ஆடினா மோசமா ஆடுறான்னு சொல்வாங்க. ரெண்டுல ரெண்டாவது பரவால்ல."

உங்கள் கேள்விகளுக்குப் பதிலாக இதையெல்லாம் பிப்ரவரி ஐந்தாம் தேதி எழுதினேன். முழுவதும் எழுதி, உறையை ஒட்டி, தபால் தலையும் ஒட்டினேன். பிறகுதான் யோசித்தேன். இதைப் படித்தால் நீங்கள் அவரை எடுக்க மாட்டீர்கள். எடுக்காவிட்டால் அவரைப் பற்றிக் கேட்க உங்களுக்கு எதுவும் இருக்காது. கேட்க எதுவும் இல்லாவிட்டால் கடிதம் வராது. அடுப்பில் போட்டுவிட்டு மறுநாள் வேறு எழுதினேன்.

அவர் காலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிளம்பும் நாளில் அவர் வந்து, "யார்கிட்டயும் சொல்லலயே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "உன்னை மாதிரி ஒரு ஆள் அங்கயும் கிடைக்கணும்" என்றார். தன் அழுக்குத் துணியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சந்தோஷமாக இருந்தார், அப்பா. நானும் இருந்தேன்.

உங்கள் கடிதங்களைக் கிழிக்கச் சொன்னீர்கள். கிழிக்கவில்லை. நேற்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அவரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பற்றி 'நலமா?' என்று ஒரு முறை. கடலைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் கடிதத்திலிருந்தே எனக்குத் தெரியும். அம்மாவுக்கு உறையைப் பார்த்தபோதே தெரிந்திருந்தது. தெரிந்துதான் பதில் எழுதினேன்.

ஐரீனின் புதுப் பெண் வேலைக்கு வந்துவிட்டாள். இருபதாம் தேதிக்குப் பிறகு எனக்கு அங்கே இடம் இல்லை. பேக்கரியில் கேட்டுப் பார்ப்பதாக அம்மா சொல்கிறாள்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். உங்களுக்கு உதவும் என்றால் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன். முடியாதாம். பணம் தர மாட்டார்களாம். என் பெயர் எழுதியிருப்பதால் வேறு யாரும் அதில் போகவும் முடியாதாம். விமான நிறுவனத்துக்கு நானே போன் செய்து கேட்டேன். அந்தப் பெண் மூன்று முறை "ஹலோ, யாருங்க?" என்றாள். நான்காவது முறை சொன்னேன்.

ஹலினா