ஊட்டிவிடுகிறவளுக்கு மதிப்பூதியம்

நவம்பர் 18, 2024

ஜாபர் இன்று என் முன்கையைக் கடித்துவிட்டான். குளிக்க வைக்கும்போது மோட்டார் நின்று தண்ணீர் போய்விட்டது. தலை முழுக்க சோப்பு, கண் எரிந்திருக்கும். வாயால் சொல்லத் தெரியாதவன் பல்லால் சொன்னான். முப்பத்தொரு வயது, எண்பத்திரண்டு கிலோ, மூன்று வயதுப் பிள்ளையின் புத்தி.

ஊசி போட்டு வர அரை நாள் லீவு கேட்டேன். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இந்த இல்லத்தை நடத்துகிற ஜெமிமா மேடம் சிரித்தார். "பிள்ளை கடிச்சதுக்கெல்லாம் அம்மா லீவு போடுவாங்களா, யசோதராம்மா?"

இங்கே வேலை செய்கிற எல்லோருமே அம்மாதான். அடுப்படியில் நிற்கும் கன்னியம்மா சமையல் அம்மா. நான் ஜாபர் அம்மா. அவனைப் பெற்ற ஹஃப்சா அக்கா ராயபுரத்தில் தையல் மிஷின் மிதிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருவொற்றியூர் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

டிசம்பர் 1

வவுச்சரில் கையெழுத்து. "மதிப்பூதியம்" எட்டாயிரம். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், சம்பளம் என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் கிடையாது. என் பெயருக்கு எதிரே "தொண்டர்" என்று போட்டிருக்கிறது.

அறிவு மணலியிலிருந்து டேங்கர் லாரியை விட்டுவிட்டு வந்ததும் ஆரம்பித்தார். "இன்னாமே, தரை தொடைக்கிறவளுக்கே பதினாலு குடுக்கிறான். நீ ஆறு ஆம்பளைங்களுக்குக் கால் கழுவி வுட்டுகினு எட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வர்ற?" என் வீட்டுக்காரருக்கு வாய் மோசம். கேட்டது நியாயம்.

டிசம்பர் 3

மாற்றுத்திறனாளிகள் தினம். நன்கொடை தருகிறவர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லி மேடம் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். ஜாபர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் சம்பளத்துக்கா வர்றேன்? இவன் எம்புள்ள" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஒரே கைதட்டல். ஒருவர் அங்கேயே ஒரு வேன் தருவதாகச் சொன்னார். எனக்கு ஒரு புடவை கிடைத்தது.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வார்த்தை தானாகத்தான் வந்தது.

பிப்ரவரி 11, 2025

கன்னியம்மா சோற்று அண்டாவை இறக்கும்போது இடுப்புப் பிடித்து இரண்டு வாரமாகப் படுக்கை. வராத நாளுக்கு மதிப்பூதியம் கிடையாதாம். ஆஸ்பத்திரிக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது, தொண்டர்களுக்கு எதற்கு அட்டை?

வியாசர்பாடியில் அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, சட்டப்படி சம்பளமும் ஈ.எஸ்.ஐ.யும் கேட்டு மனு எழுதினோம். கையெழுத்து என்னுடையது, திட்டு அவளுடையது. நாளைக்குத் தொழிலாளர் ஆபீசில் கொடுக்க வேண்டும்.

மார்ச் 20

விசாரணை. மேடத்தின் ஆடிட்டர் செல்போனை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார். டிசம்பர் மூன்றாம் தேதி நான் பேசினதன் வீடியோ. முகமெல்லாம் கண்ணீராக நான். சம்பளத்துக்கா வர்றேன் என்று கேட்கிற நான்.

அதிகாரி கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார். "நீங்களே சொல்றீங்களேம்மா."

"அது வேற சார்."

"எது வேற?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வருது. பாசம் என்னுது சார், வேலை அவுங்களுது. ஒண்ணு கீதுன்னு இன்னொண்ண ஓசில வாங்கிக்குவாங்களா? டாக்டரு பேஷண்டு மேல பாசமா கீறாருன்னு பீஸ் குடுக்காம வந்துடுவீங்களா சார்? அங்க ஏன்டி யசோதரா வாயத் தொறக்கல? மைக்கப் பாத்தா மட்டும் வாய் வருமா?

பக்கத்து சீட்டில் இருந்த கன்னியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு இன்னாத்துக்குமே அழுத?"

மார்ச் 21

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. உட்கார வைத்து டீ கொடுத்தார். அவர் தம்பியும் ஜாபரைப் போலத்தானாம். எங்கோ ஓர் இல்லத்தில் படுக்கைப் புண்ணோடு இருபது வயதில் செத்துப்போனானாம். குடும்பத்து மளிகைக் கடையில் தன் பங்கை வாங்கித்தான் இதைத் தொடங்கினாராம். "நான் ஒரு ரூபா எடுக்கல யசோதராம்மா. எல்லாருக்கும் சட்டப்படி குடுத்தா ஆறு மாசத்துல கதவ மூடணும். மூடிரட்டுமா?"

பிறகு மெதுவாக, "நீங்க போயிட்டா ஜாபர் சாப்பிட மாட்டான், தெரியும்ல?"

தெரியும். போன வருடம் எனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று நாள் பட்டினி கிடந்தான், டிரிப்ஸ் ஏற்றினார்கள். என் கையைத் தவிர வேறு கைக்கு வாய் திறக்க மாட்டான். மேடம் சொன்னதில் ஒரு பொய் கூட இல்லை. அந்தக் கதவு திறந்திருக்கிறது என்றால் அதற்கு முட்டுக்கொடுத்த கல் நாங்கள். கல்லுக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

மார்ச் 22

ஜாபர் தன் கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டால் நான் போகலாம்.

ஏப்ரல் 2

தொடங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் கை மேல் என் கையை வைத்து, சோற்றைப் பிசைந்து, வாய் வரைக்கும் கொண்டுபோகிறேன். தட்டைத் தூக்கி எறிந்தான். என் புடவையெல்லாம் சாம்பார்.

ஏப்ரல் 29

இப்போது மணிக்கட்டை மட்டும் பிடிக்கிறேன். நாலு வாய் அவனே எடுத்தான். ஐந்தாவதுக்கு என் கையைத் தேடினான். கொடுக்கவில்லை. பாவி நான்.

ஜூன் 10

முழங்கையை ஒரு விரலால் தொட்டால் போதும்.

ஜூலை 14

இன்று வாசற்படியில் போய் நின்றுகொண்டேன். ஜாபர் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சாப்பிட ஆரம்பித்தான். பாதி சோறு மடியில், பாதி வயிற்றில். ஆனால் அவனே சாப்பிட்டான்! முடித்துவிட்டுத் தட்டை என் பக்கம் தூக்கிக் காட்டினான்.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவனை விட்டுப் போவதற்காகத்தான் இவ்வளவும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மேடம் படம் எடுத்துக்கொண்டார், ஆண்டறிக்கையில் போடப்போகிறாராம்.

ஜூலை 31

வேலையை விட்டு நின்றுவிட்டேன். ஜாபரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்பதற்காக இல்லை, புரிந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான்.

செப்டம்பர் 6

முதல் மாதச் சம்பளம். பெரிய கடை வளாகத்தில் தரை துடைக்கிறேன். பதினாலாயிரம், ஈ.எஸ்.ஐ. உண்டு, பி.எஃப். உண்டு. சட்டையில் குத்திய அட்டையில் யசோதரா என்று என் பெயர். தரைக்குக் கொடுக்கிறார்கள். மனுஷனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

அறிவு கோழி வாங்கி வந்தார். சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 21

ஞாயிறு. ஹஃப்சா அக்கா இல்லத்திலிருந்து போன் செய்தார். "ஜாபரு நல்லாகீறான் யசோ. புதுசா ஒரு பொண்ணு வந்துகீது, தங்கமான பொண்ணு. நீயே பேசு."

பெயர் தங்கபுஷ்பமாம். தெற்கத்திப் பேச்சு. புருஷன் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடமாம். "அக்கா, ஒங்களப் பத்தித்தான் எல்லாரும் சொல்லுதாங்க. ஜாபரு இப்பம் நான் ஊட்டுனாத்தான் சாப்பிடுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவனே சாப்பிட்டுகினு இருந்தானே?"

"ஆமாக்கா, நாலஞ்சு நாளு அவனாத்தான் சாப்பிட்டான். நடுவுல கைய எடுத்துட்டு வாசப்படியவே பாத்துட்டு இருப்பான். எனக்கு மனசு கேக்கல. ஒரு வாய் ஊட்டிவிட்டேன்."

நாலு மாதம் பாடுபட்டது ஒரே வாரத்தில் போய்விட்டது. சம்பளம் எவ்வளவு பேசினாய் என்று கேட்டேன்.

"நான் கேக்கலக்கா. ஏழாயிரம்னு சொன்னாங்க. இந்தப் பிள்ளைக்குச் செய்யுததுக்கு எப்படிக்கா பேரம் பேச?"

கேளு, இன்றைக்கே கேளு, எழுதி வாங்கு, மைக்கைக் கொடுத்தால் தொடாதே — எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள், "மீன் குழம்பு குடுக்கலாமாக்கா?" என்றாள். பின்னாலிருந்து ஜாபர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

முள் எடுத்துவிட்டுக் கொடு என்றேன். சூடாக இருந்தால் துப்பிவிடுவான் என்றேன். வலிப்பு வருகிறதற்கு முன்னால் இடது கண் துடிக்கும், பார்த்துக்கொள் என்றேன். அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.