நான்காவது படத்தில் நீல வட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர இங்கே மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, அங்கே உனக்கு ஒரு குறையும் இருக்காது என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக நீ அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், "அப்பா சாப்பிட்டாரா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று நீ பயப்படுகிறாய், நானோ வெட்கத்தில் வாயைத் திறக்காமல் சோற்றைப் பிசைகிறேன். நேற்று அம்மா, "அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல என்னைக் கம்பியா கட்டி வெச்சிருக்கீங்க, இனிமே என்னால ஆகாது" என்று இந்தத் தாளை என் முன்னால் போட்டுவிட்டாள். பத்தாவதை இரண்டு தடவை படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் அதையும் ஒரு அறிக்கையாக எழுதி அனுப்பிவிடாதே.

திராட்சை விஷயத்துக்கே வருகிறேன். உறைந்த மீனையே இருபத்திரண்டு வருடம் அடுக்கிய கை இது. அட்டைப்பெட்டிகளைச் செங்கல் சுவர்போல ஒரு வரிசை நேராக, அடுத்த வரிசை குறுக்காக என்று மாற்றி மாற்றி வைத்தால் எந்தக் கடல் ஆட்டத்துக்கும் அசையாது. நான் கன்டெய்னர் கதவை மூடினால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று எத்தனை தடவை உன்னிடம் பீற்றியிருப்பேன். திராட்சைக்காரர் முதல் தடவையாகத் தன் சரக்கை நம் கிடங்குக்குக் கொண்டுவந்தபோது எங்கள் சூப்பர்வைசர் ஸ்வெட்டர் (வெயிலிலும் அதைக் கழற்றாததால் அந்தப் பெயர்) என்னைத்தான் கூப்பிட்டான். பெட்டிக்குப் பெட்டி அடியிலும் மேலும் ஓட்டை இருந்தது. எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டேனா? தூக்குவதற்குப் பிடிமானம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, ஓட்டைமேல் ஓட்டை வராமல் அழகாகச் சுவர் எழுப்பி, கடைசிப் பெட்டியில் வழக்கம்போல நீலச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பெருமையாகக் கதவைச் சாத்தினேன். காற்று அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

சரக்கு அங்கே இறங்கி, உள்ளே பாதி பூஞ்சை என்று செய்தி வந்ததும் திராட்சைக்காரர் ஆபீசுக்குள் வந்து குதித்த குதி உனக்குத் தெரியாது. "கப்பல்காரன் கன்டெய்னர் குளிர் மெஷினை நிறுத்திட்டான்யா, அவனை விடமாட்டேன்" என்று ஒரே கத்தல். நானும் சேர்ந்துகொண்டு, ஆமாங்க, இந்த மெஷின்களையே நம்பக்கூடாதுங்க என்று ஒத்து ஊதினேன், அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஏனென்றால் அதே நேரம் நான் அதே மாதிரி அடுக்கிய இன்னும் மூன்று கன்டெய்னர்கள் வெளியே முற்றத்தில் கரண்ட் வயரை மாட்டிக்கொண்டு நின்றன, இரண்டு நாளில் கப்பல் ஏற வேண்டியவை. மெஷின்மேல் பழியைப் போட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால் அந்த மூன்றும் அங்கே வந்து நாறியிருக்கும், அந்த மனுஷன் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

அப்போதுதான் அங்கே துறைமுகத்தில் சரக்கைச் சோதிக்கிற உன் அறிக்கை வந்தது. ஸ்வெட்டர் ஒவ்வொரு வரியாகப் படித்து எங்களுக்குச் சொன்னான். வழி முழுக்க மெஷின் சரியாக ஓடியிருக்கிறது, சைபர் டிகிரியைவிட்டு நகரவில்லை. கதவருகே உள்ள பெட்டிகளும் சில்லென்றுதான் இருந்தன. பாப்பா, வேறு யாராக இருந்தாலும் அங்கேயே தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நீ பதினொரு வரிசையை இறக்கச் சொல்லி, நடுவில் இருந்த பெட்டியில் குத்திப் பார்த்திருக்கிறாய், ஒன்பது டிகிரி. அப்புறம் அந்த வரி: மெஷினில் குறையில்லை, அடுக்கியதில் குறை, ஓட்டைகள் அடைபட்டுள்ளன. ஸ்வெட்டர் என்னைப் பார்த்து, "மீன் செத்த சரக்குய்யா, சுத்தி குளிர் இருந்தா போதும். திராட்சை பறிச்ச பிறகும் மூச்சு விடும், சூட்டைக் கக்கும். கீழேர்ந்து வர்ற காத்து உள்ள பூந்து மேல போனாதான் அது பிழைக்கும்" என்றான். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன், "நீதான் யாரையும் பேச விடமாட்டியே" என்றான், அதுவும் உண்மைதான்.

அறிக்கையோடு நீ அனுப்பிய நான்காவது படத்தில் என் நீல வட்டம் பளிச்சென்று தெரிந்தது. ஏழு வயதில், "இத்தனை பெட்டியில உன் பெட்டி எதுன்னு எப்படிப்பா தெரியும்" என்று நீ கேட்டதால் போட ஆரம்பித்த வட்டம். நீ ஓரடி தள்ளி நின்று எடுத்திருந்தால் அது படத்தில் விழுந்திருக்காது. தள்ளி நிற்கவில்லை. கீழே உன் கையெழுத்து, அதற்கு முன்னால் என் இனிஷியல். தப்புச் செய்தவனும் நான், கண்டுபிடித்த கையெழுத்தில் முதல் எழுத்தும் நான். இந்த வட்டம் யாருது என்று திராட்சைக்காரர் கேட்டார், கையைத் தூக்கினேன். எழுதினது என் பொண்ணுதாங்க என்றும் சொல்லிவிட்டேன், வாய் அடங்கவில்லை. அவர் என்னையே பார்த்து, "அப்பன்னு தெரிஞ்சேவா எழுதிச்சு" என்றார். அந்த வட்டத்தைப் போட வெச்சதே அவதாங்க என்றேன். என் சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "அப்ப அந்த மூணையும் திறங்கய்யா" என்று எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ஒன்றரை நாள் ஆனது. எல்லாவற்றையும் குளிர் அறைக்குள் இறக்கி, ஓட்டைமேல் ஓட்டை வர நேராக அடுக்கினோம். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன், பீற்றவில்லை, சும்மா சொல்கிறேன்: ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் டார்ச்சை வைப்பது, மேலே ஏணியில் நிற்பவனுக்கு வெளிச்சம் தெரிந்தால்தான் அடுத்தது. முதல் தடவை வெளிச்சம் மேலே வந்தபோது திராட்சைக்காரர் குழந்தை மாதிரி கை தட்டினார். அந்த ஆசையில் வீட்டு ஃபிரிட்ஜையும் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கினேன், பாதிச் சாமான் வெளியே நின்றுவிட்டது, அம்மா என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது.

ஆனால் உன் அறிக்கையின் நகலை அதே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதும் அவள்தான். பால்காரருக்குக்கூடப் படித்துக் காட்டிவிட்டாள். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை கண்ணு. என் வேலையை இத்தனை வருடத்தில் இவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. குளிர் அறையிலிருந்து நேராக வெயிலுக்குப் போகாதே, இரண்டு சாக்ஸ் போடு, வேளைக்குச் சாப்பிடு. எந்தத் துறைமுகத்தில் எவன் முறைத்தாலும் இதே மாதிரி தலை நிமிர்ந்து எழுது, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன் கைக்கு உண்டு.

மறக்காதே, அந்த மூன்றும் இருபதாம் தேதி வாக்கில் உன்னிடம் வரும். அவை நன்றாக இறங்கினால்தான் அடுத்த பருவத்திலும் அவர் சரக்கு எங்களிடம் வரும், என்னையும் அதில் கைவைக்க விடுவார்கள், இல்லாவிட்டால் நான் மறுபடி மீன்தான். கதவைத் திறந்ததும் நீல வட்டம் தெரியும். அப்பா என்று பார்த்துக் கையை நிறுத்தாதே, நடு வரிசைவரை போய்க் குத்திப் பார். எத்தனை டிகிரி வந்தாலும் அதை அம்மாவிடம் சொல்லாதே, என்னைக் கூப்பிட்டுச் சொல்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா