கோட்டுப் போட்ட கவிஞரும் பேர் தெரியாத அம்மாளும்

சதுரங்கப்பட்டினம்,
9-2-1974

அன்பு மகள் சரோஜாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி, எனக்குத் தலைக்கனம், இரண்டும் இப்போது கொஞ்சம் குறைந்திருக்கின்றன. நீ லீட்ஸ் ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்து வந்து வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிருக்குக் கம்பளி போதுமா என்று இங்கே ஒரே யோசனை. நீ கடிதம் போட்டு நாலு மாதம் ஆகிறது. போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம் ஊரார் கடுதாசியை எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷர், பெற்ற மகளின் கடுதாசியை நிறுத்திவிட்டாரே என்று அம்மா கோழிக்குத் தீனி போடும்போது கோழியிடம் சொல்கிறாள். என்னிடம் நேராகச் சொல்வதில்லை.

தப்பு என்னுடையதுதான். நீ அனுப்பிய கவிதையில், கோட்டைக்குள் இருக்கும் கல்லறைக் கல்லில் ஒல்லாந்துக்காரன் பேர் இருக்கிறது, அவன் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்ட நம் ஊர்ப் பெண்ணுக்குக் கல்லும் இல்லை பேரும் இல்லை, நான் யாருடைய மகள் என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் என்ன எழுதினேன்? இதில் யாப்பும் இல்லை, குடும்ப மானமும் இல்லை, நம் பேரைப் போட்டு எந்தப் பத்திரிகைக்கும் கொடுக்காதே என்று எழுதினேன். அதோடு விட்டேனா, உனக்குச் சரியான பதில் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நானே நம் மூதாதையான அந்த ஒல்லாந்துக்காரனைப் புகழ்ந்து எட்டு விருத்தம் கட்டினேன். பொங்கலுக்குச் செங்கல்பட்டில் கவியரங்கம், தலைவர் தமிழாசிரியர் திருநாவுக்கரசு, அவரைப் போய்ப் பார்த்து என்னை ஒல்லாந்து வழித்தோன்றல் என்று அறிமுகம் செய்யவேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். என் கல்யாணக் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன், பித்தான் போடமுடியவில்லை, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மேடை ஏறினேன். என் நிறம்தான் உனக்குத் தெரியுமே. முன்வரிசையில் ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவனிடம், "வெள்ளக்காரரு எப்பப்பா வருவாரு?" என்று கேட்டது மைக்கிலேயே விழுந்தது. சபை சிரித்து அடங்க நேரம் பிடித்தது. நான் என் பூனைக்கண்ணை அகலத் திறந்து காட்டிக்கொண்டு எட்டு விருத்தத்தையும் ராகம் போட்டுப் பாடி முடித்தேன். முடித்ததற்காகக் கைதட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் நம் தெருவில் மீன் கொண்டுவரும் தனக்கோடி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவள் மகளுக்குப் பிரசவம், பார்த்துவிட்டு வருகிறாள். எனக்கு நல்ல ரசிகர் ஒருவராவது வேண்டும் என்ற ஏக்கம், திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவளிடம் முழுவதையும் பாடி அர்த்தமும் சொல்லிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாத்த, கப்பலு, தொப்பி, துப்பாக்கி எல்லாம் வந்துச்சி, புள்ள பெத்தவ எங்க? அவ பேரு இன்னா?" என்றாள். தெரியாது என்றேன். "இஷ்டப்பட்டுப் போனாளா, இல்ல இஸ்துகினு பூட்டானா?" என்று கேட்டாள். அதுவும் தெரியாது. "இது கூடவா தெரியாம பாட்டு கட்டிகினு கீற?" என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை சரோஜா, மகளைப் பிரசவ வார்டில் விட்டுவிட்டு வந்தவள், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீ கேட்டதும் இதுதானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருத்தம் எழுதிய தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாளே பாதிரியார் ஐயாவிடம் போய் ஞானஸ்நானப் பதிவின் பழைய நகலைப் பார்க்கச் சொன்னேன். நம் ஆளின் மகனுக்குப் பதிவு இருக்கிறது. தகப்பன் பேர் முழுசாக, ஊர், உத்தியோகம் எல்லாம் இருக்கிறது. நான் விருத்தத்தில் தளபதி ஆக்கிய மகான் துணிக் கிடங்குக்குக் காவல் இருந்தவராம். தாய் என்கிற இடத்தில், "இவ்வூர்ப் பெண்" என்று மட்டும் இருக்கிறது. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார், அவ்வளவுதான் இருக்கிறது தாவீது என்றார். அந்தப் பிள்ளை பிறக்கும்போது அவளுக்கு என்ன வயசு, அழுதாளா, அவளைப் பெற்றவர்கள் வந்து பார்த்தார்களா, ஒன்றும் இல்லை. எனக்கு அறுபத்திரண்டு வயசு, இதுவரை இதை ஒரு தடவை கூட நினைத்ததில்லை, நினைத்ததற்கு மகளைத் திட்டினேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரமாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். விருத்தம் வரவில்லை, வெண்பா வரவில்லை. கடைசியில் உன்னைப் போலவே யாப்பு இல்லாமல் நாலு வரி வந்தது, சிரிக்காமல் படி:

பேர் தெரியாத அம்மா,
அவன் கொடுத்த கண்ணைத்தான்
ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.
பேசியதெல்லாம் நீ கொடுத்த பேச்சில்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோழி பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தே, சரோஜாவுக்கு அனுப்புங்கள் என்றாள். நேற்று மீன் கொண்டுவந்த தனக்கோடியிடமும் படித்தேன், செங்கல்பட்டில் பிறந்த பேத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாளாம், அந்தச் சந்தோஷத்தில் நின்று கேட்டாள். "நல்லாத்தான் கீது, ஆனா இதுலயும் நீதான நிக்கிற அண்ணாத்த, அவ இன்னும் வர்லியே" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். என்னால் முடிந்தது இவ்வளவுதான், அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்த உன்னால்தான் முடியும். உன் கவிதையை அச்சுக்குக் கொடு, உன் முழுப்பேரைப் போட்டுக் கொடு, யாராவது கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாய்க் காக்கட்டும், நினைத்த காரியம் கைகூடட்டும், நல்ல சுகத்தோடு இரு. குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வெளியே போகாதே, அம்மா இதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள். எனக்குக் கோபமாக ஒரு வரி எழுதினாலும் சரி, எழுதிப் போடு.

என்றும் உன் மேல் பிரியமுள்ள அப்பா,
தாவீது