பிள்ளையாருக்குக் கீழ்த்தட்டு

இன்று காலை ஸ்ரௌவ்வில் பாதை ரயிலில் எதிரே இருந்தவர் தோடம்பழம் உரித்தார். அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய். ரெக்ஸ்டேல் பக்கத்துக் கசினோவில், போக்கர் போட்டியின் இடைவேளையில் மற்றவர்கள் போனில் புலம்பிக்கொண்டிருக்க, நீ தோடம்பழமொன்றைச் சுளை சுளையாகத் தின்றாய். உன்னைப் பேட்டி காண வந்த நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்: பதினொரு நிமிடம். அதற்குச் சற்று முன்தான் கடைசிச் சீட்டில் பெரிய ஆட்டமொன்றைத் தோற்றிருந்தாய்.

"கோபம் வரேல்லையோ?" என்றேன்.

"வந்தது. கொஞ்சநேரம் இருந்தது. போயிட்டுது, அண்ணை. நான் சரியாத்தான் விளையாடினனான். சீட்டு என்ர சொல்லுக் கேக்குமே?"

இதை எங்கே பழகினாய் என்று கேட்டபோதுதான் உன் இரகசியம் வெளியே வந்தது. போக்கரே முழுநேரத் தொழிலாகப் பதினாறு வருடம். அதில் கடைசி ஒன்பது வருடமும், சனிக்கிழமைக் காலைகளில், வியட்நாமியரின் புத்த கோயிலில் தியானத்துக்கு இருந்திருக்கிறாய். எழுதலாமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம். காட்ஸ் விளையாடுறது அம்மாவுக்குத் தெரியும். உது தெரியாது. ஊரில எங்கட வளவைப் பிடிச்சுச் சிங்கள ஆமி வைச்ச புத்தரைத்தான் அவவுக்குத் தெரியும்."

நான் எழுதவில்லை. ஆனால் அம்மா படியேறி வராத உன் மாடி அறையில் நான் எடுத்த படத்தில், உன் தோளுக்குப் பின்னால் அலுமாரியில், உள்ளங்கை அளவில் ஒரு புத்தர் இருந்தார். முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன் அதைக் கவனிக்கவில்லை. உன் அம்மா கவனித்தார்.

"அண்ணை, அம்மா பூதக்கண்ணாடியோட இருக்கிறா. கெதியா வாங்கோ," என்று போன் எடுத்தாய்.

மார்க்கம் வீட்டில் அம்மா பத்திரிகையை மேசையில் விரித்து வைத்திருந்தார். "என்ர பிள்ளை காட்ஸ் விளையாடிச் சீவிக்கிறான் எண்டு கேட்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னனான். வெக்கப்படேல்லை. ஆனா அலுமாரியில இருக்கிற உவர் ஆர்?"

கூட்டாளி தந்த பரிசு என்று ஒரு பொய்யை உனக்காக நான் தயாராகவே வைத்திருந்தேன். கையில் ஒன்றுமில்லாதபோதும் எல்லாம் இருப்பதாகக் காட்டும் முகம் உன்னுடையது, நம்பவைத்திருப்பாய். அன்று அந்த முகத்தை நீ எடுக்கவேயில்லை. காது இரண்டும் சிவந்துபோய், "என்ரதான், அம்மா," என்றாய். "முந்தித் தோத்திட்டு வந்தா கதவை அடிச்சுச் சாத்துவன். இப்ப அப்பிடி இல்லைத்தானே? உவரிட்டப் போய்த்தான் பழகினனான்."

அம்மா உன்னையே பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை இன்னொரு தடவை படத்தின் மேல் பிடித்தார்.

"அங்க ஆமியோட வந்தவர்," என்றார். "இஞ்ச தனியத்தான் வந்திருக்கிறார் போல. இருக்கட்டும். ஆனா சாமியறையில, பிள்ளையாருக்குக் கீழ்த்தட்டில."

நீ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையெல்லாம் சிந்தியது.

நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. "அவன் தியானத்துக்கு இருந்த இடத்தைக் காட்டு," என்று அம்மாதான் கேட்டார். இப்போது சனிக்கிழமைகளில் அவரை அந்தக் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போவது என் வேலை. முழங்கால் நோவென்பதால், நீ இருந்த மூலையில் அவருக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நானும் இருக்கிறேன்.

போன கிழமை வெளியே வரும்போது, "தம்பி, கண்ணை மூடினா எனக்கு நித்திரைதான் வருது," என்று இரகசியமாகச் சொன்னார்.

"எனக்கும்தான், அம்மா."

"அப்ப அவனுக்கும் வந்திருக்கும்," என்றார். "ஒன்பது வருஷம் நல்லா நித்திரை கொண்டிருக்கிறான், கள்ளன்."

இருவரும் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.